தலைவலி என்று சொன்னவர்கள்

தூத்துக்குடிக் கடற்கரையில், இளவயதுப் பிள்ளைகளுக்கென்றே ஓர் இலவச கிளினிக் திறந்தார் டாக்டர் வைரவன். பெரிய ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வயது ஐம்பத்தெட்டு.

மருந்து இருந்தது. நல்ல நாற்காலிகள் இருந்தன. பிள்ளைகள்தான் வரவில்லை. இரண்டு மாதத்தில் மொத்தம் ஒன்பது பேர்.

அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய்வரும் நர்ஸ் ஜெசிந்தாவுக்கு முப்பத்துநாலு வயது. வழியில் பார்த்தால் பிள்ளைகள் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். வைரவன் தயக்கத்தை விழுங்கிக்கொண்டு அவரிடம் போனார்.

"சிஸ்டர், இந்தப் பிள்ளைங்களை எப்படி வரவைக்கிறது? நீங்கதான் சொல்லித் தரணும்."

"நாளைக்கு நம்ம கிளினிக்குக்கு நோயாளியா வாங்க டாக்டர். சீட்டு எழுத உங்களைத் தெரியாத ஒரு ஆளை உக்கார வைக்கிறேன். உங்களுக்கு நிஜமா என்ன சீக்கோ, அதைச் சொல்லிச் சீட்டு வாங்குங்க. அவ்வளவுதான்."

இதென்ன பெரிய வேலை என்று நினைத்தபடி மறுநாள் வரிசையில் நின்றார். ஜெசிந்தா கூட்டிவந்த பெண்கள் ஆறு பேர் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"பேரு? வயசு? கல்யாணம் ஆயிருச்சா? கூட யாரு வந்திருக்கா?" சீட்டு எழுதியவன் உரக்கக் கேட்டான். எல்லாம் வைரவனே எழுதிக்கொடுத்த கேள்விகள். "என்ன சீக்கு? சத்தமாச் சொல்லுங்க."

வைரவனுக்கு இரண்டு வருடமாக மூலம். வீட்டில்கூடச் சொன்னதில்லை. பின்னால் யாரோ சிரித்ததுபோல் இருந்தது. அவர் காது சுட்டது.

"தலைவலி," என்றார்.

வாசலில் ஜெசிந்தா காத்திருந்தார். "என்ன சொன்னீங்க?"

வைரவன் தலைகுனிந்தபடி சொன்னார்.

"போன வாரம் மெர்லின்னு ஒரு பிள்ளை வந்துச்சே, பதினேழு வயசு. அதுவும் தலைவலின்னுதான் சொல்லுச்சு. நீங்க மாத்திரை குடுத்து அனுப்பிட்டீங்க. அதுக்கு மூணு மாசமா இருமல், டாக்டர்."

அன்றைக்கே வைரவன் அந்தக் கேள்வித்தாளைக் கிழித்தார். இறால் உரிக்கும் கம்பெனிப் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. அதன் பின்னறையைக் கிளினிக்குக்காக ஜெசிந்தா கேட்டு வாங்கினார். போர்டு கிடையாது. உள்ளே போகிறவர் எதற்குப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் மெர்லின் வந்தாள். வைரவன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பேசும்வரை காத்திருந்தார்.

"ராத்திரி காய்ச்சல் வருது சார். துப்பினா ரத்தம். கம்பெனியில தெரிஞ்சா நிப்பாட்டிருவாங்க."

"நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்மா."

பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாத மருந்து. முதல் மாதம் வாந்தி எடுத்தாள். இனி முடியாது என்று அழுதாள். ஜெசிந்தா தினமும் போய் அருகில் உட்கார்ந்தார். வைரவன் வாரம் தவறாமல் எடை பார்த்தார். முப்பத்தாறு கிலோ நாற்பத்தைந்தானது. கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை. அன்று மெர்லின் வாய்விட்டுச் சிரித்ததில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பின்னறை வாசலில் பெரிய பேச்சுச் சத்தம். வைரவன் வெளியே வந்தார். பதினொரு பெண்கள். எல்லாரும் இறால் கம்பெனி. அவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் மெர்லின்.

"எனக்கு டிபி இருந்துச்சுடி. போயிருச்சு. பாரு, நல்லாத்தான நிக்கேன்? இருமல் இருக்கவ எவளும் மறைக்காதீங்க!" நடுரோட்டில் நின்று கத்தினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணிக்கவில்லை.

வைரவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சிஸ்டர், நான் இத்தனை வருஷம் படிச்சும் சொல்லத் தெரியாததை இந்தப் பிள்ளை ஒரு நிமிஷத்துல சொல்லிட்டா. இனிமே நான் செய்ய என்ன இருக்கு?"

ஜெசிந்தா பெண்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சளி எடுக்க டப்பா பதினொண்ணு வேணும் டாக்டர். ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க."