கூட்டுக்குள் நீண்ட கை

அந்தக் காலத்தில் கோழியும் பாம்பும் மனிதரோடு பேசின. ஆனால் முட்டையிடும்போது மட்டும் கோழி வாயைத் திறக்காது. சத்தமில்லாமல் இட்டு, சருகால் மூடிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய்விடும்.

கடற்கரை ஊர் ஒன்றில் இஞ்ஞாசியும் அவன் மனைவி பிலோமியும் மகள் செசிலியும் இருந்தார்கள். தங்கள் கோழி முட்டையிடாத கோழி என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய நாள், வாசலில் வைக்க ஓர் அலங்காரக் கூடு செய்தார்கள். இஞ்ஞாசி பனையோலையில் கூட்டை முடைந்தான். செசிலி அதில் வைக்கோலைப் பரப்பினாள். உள்ளே வைக்க முட்டை வடிவ மிட்டாய் செய்ய வேண்டும். பிலோமி சீனிப்பாகு காய்ச்ச, மற்ற இருவரும் அச்சில் ஊற்ற அடுப்படிக்குப் போனார்கள்.

மெத்தென்று இருந்த கூட்டைப் பார்த்த கோழிக்கு ஆசை அடங்கவில்லை. ஏறி உட்கார்ந்து முட்டையிட்டு, வைக்கோலால் மூடிவிட்டு இறங்கியது. உடனே ஒரு நல்லபாம்பு கூட்டுக்குள் நுழைந்து, வைக்கோலுக்கு அடியில் சுருண்டுகொண்டது.

கை நிறைய மிட்டாயோடு செசிலி வந்தாள்.

கோழி கழுத்தை நீட்டியது.

“பேசாமல் இரு,” என்று பாம்பு மெல்லச் சொன்னது. “நான் எடுப்பது இந்த ஒன்றைத்தான். நீ கத்தினால், முட்டையிடுகிறாய் என்று வீட்டாருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் தேடித் தேடி எடுப்பார்கள்.”

அது உண்மை என்று கோழிக்குத் தெரியும். அலகைத் திறக்கவில்லை.

செசிலி மஞ்சள் மிட்டாயை ஓரத்தில் வைத்தாள். சிவப்பை அதன் பக்கத்தில் வைத்தாள். நடுவில் வைக்க, வைக்கோலை விலக்கக் கையை நீட்டினாள். வைக்கோல் அசைந்தது.

“செசிலி, கையை எடு. என் முட்டைமேல் பாம்பு இருக்கிறது,” என்று கோழி தொண்டை கிழியக் கத்தியது.

கை பின்வாங்கிய இடத்தில் படம் எழுந்து சீறியது. இஞ்ஞாசி கம்போடு ஓடிவருவதற்குள் பாம்பு வேலிக்குள் மறைந்துவிட்டது.

ஓடிவந்து மகளை அணைத்துக்கொண்ட பிலோமி, கூட்டிலிருந்து முட்டையை எடுத்துப் பார்த்தாள்.

“என் பிள்ளையைக் காப்பாற்றினாய். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்,” என்றாள். “இனி உன் முட்டையைத் தேடாமல் எங்களால் இருக்க முடியாது. ஆனால் ஒன்றை உனக்கென்று விட்டுவைப்போம்.”

அந்த முட்டையை மிட்டாய்களுக்கு நடுவிலேயே திரும்ப வைத்தாள்.

மறுநாள் முட்டையிட்டதும், உள்ளே பாம்பு இருப்பது தெரியாமல் யாராவது கை வைத்துவிடுவார்களோ என்று கோழிக்குப் பயம் வந்தது. மறுபடி கத்தியது.

அன்று முதல்தான் முட்டையிட்ட கோழி ஊருக்கே கேட்கும்படி கொக்கரிக்கிறது. எடுக்கப் போகிறவர்களும் கூட்டில் ஒரு முட்டையை விட்டுவிட்டு எடுக்கிறார்கள்.