மழைக்கு ‘வா’ சொன்ன செம்பாயி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மரமும் மாடும் அண்டாவும் குண்டாவும் வாய் திறந்து பேசிய நாளில், மேழிபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ஊர் ராஜாவுக்கு வெள்ளைப் பட்டு வேட்டி என்றால் உயிர். மழை பெய்தால் தெருவெல்லாம் சேறு, சேறு தெறித்தால் வேட்டியெல்லாம் புள்ளி. குடிமக்கள் பட்டினி கிடந்தால் பொறுத்துக்கொள்வார், வேட்டியில் புள்ளி விழுந்தால் பொறுக்கமாட்டார். அப்படி ஒரு ராஜா, என்ன செய்ய!

ஒருநாள் கருங்குடுமி என்ற மந்திரவாதி அரண்மனைக்கு வந்தான்.

“ராஜா, உங்க ஊர்ல ஒரு சொட்டுத் தண்ணி தேங்காம நான் பாத்துக்கறேன். பதிலுக்கு ஒரு வரம் குடுங்க. ‘வா’ன்னு சொல்லாம ‘போ’ன்னு மட்டும் சொல்லி அனுப்பினது எல்லாம் எனக்கு. ‘வரேன்’னு சொல்லாம ‘போறேன்’னு மட்டும் சொல்லிக் கிளம்பினதும் எனக்கு.”

“இவ்வளவுதானா? எடுத்துக்க!” என்றார் ராஜா, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி.

மழை வந்தது. வழக்கம்போல ஊரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துத் தண்ணீரைத் தள்ளியது. “போ, போ, போ!” அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரும் எழுந்து, தெருவில் இறங்கி, மேட்டைப் பார்த்து ஓடியது. மேட்டைப் பார்த்துத்தான் ஓடியது! ஊருக்கு மேற்கே பாறைக் குன்றாக நின்ற கரட்டின் உச்சியில் மந்திரவாதி ஒரு குழி வெட்டி வைத்திருந்தான். தண்ணீரெல்லாம் அதில் போய் விழுந்தது. சேறு இல்லை, புள்ளி இல்லை. ராஜாவுக்குக் கொண்டாட்டம்.

அந்த மழையன்று கடைசித் தெருக் கடைசி வீட்டில் ஒரு சண்டை நடந்தது. அங்கே செம்பாயியும் அவள் தங்கை நாச்சியும் இருந்தார்கள். தாய் தகப்பன் இல்லை, அக்காவுக்குத் தங்கை, தங்கைக்கு அக்கா. காயப்போட்ட நெல்லை அள்ளச் சொல்லிவிட்டு செம்பாயி களை எடுக்கப் போயிருந்தாள். நாச்சி மறந்துபோய் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். நெல் முழுக்க நனைந்துவிட்டது.

“போடி! என் கண்ணு முன்னால நிக்காத. போ!” என்று கத்தினாள் செம்பாயி.

நாச்சி ஒரு நிமிஷம் அக்கா முகத்தைப் பார்த்தாள். “சரி, போறேன்” என்றாள். படியிறங்கிப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவாள் என்று செம்பாயி நினைத்தாள். மறுநாள் வருவாள் என்று நினைத்தாள். பொங்கலுக்காவது வருவாள் என்று நினைத்தாள். மூன்று வருஷம் ஓடிவிட்டது.

சோறு வடித்ததும் கை தானாக இரண்டு தட்டை எடுக்கும். ஒன்றைத் திரும்ப வைப்பாள். “தப்புப் பண்ணினவ அவ. அவளே வரட்டும்” என்று சுவரிடம் சொல்லுவாள். சொல்லிக்கொண்டே கண் வாசலுக்குப் போய்விடும். சில நாள் காலையிலிருந்து ராத்திரி வரை அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டாள். பேச யார் இருந்தார்கள்?

இதற்குள் ஊரில் கிணறெல்லாம் வற்றிவிட்டது. ஆனாலும் மழை வந்தால் துடைப்பத்தோடு “போ, போ” என்று தள்ளுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

ஒருநாள் மதியம் மழை பெய்து ஓய்ந்தது. கொல்லைப்புறம் போன செம்பாயி, கூரை இறவாரத்துக்குக் கீழே கிடந்த பழைய பித்தளை அண்டா நிரம்பியிருப்பதைப் பார்த்தாள். கொசு வருமே என்று கவிழ்க்கக் குனிந்தாள்.

“ஏ செம்பாயி, நிறுத்து!” என்றது அண்டா. “வாய்ல ‘போ’ன்னு வந்துச்சு, அப்புறம் நான் மனுசனா இருக்கமாட்டேன்.”

“நீ மனுசனே இல்லையே!” என்றாள் செம்பாயி. மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது.

“அது கிடக்கட்டும். ஊர்ல ஒருத்தரும் துரத்தாத தண்ணி இது ஒண்ணுதான், அதான் இங்க நிக்குது. துரத்தினதெல்லாம் கரட்டு மேல கருங்குடுமி குழியில கிடக்கு. உன் தங்கச்சியும் அங்கதான் நிக்கறா.”

செம்பாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். “இப்பவே போய்க் கூட்டிட்டு வரேன்!”

“அவன் காவல் இருக்கற வரைக்கும் கரட்டுல கால் வைக்க முடியாது. முதல்ல தண்ணிய மரியாதையா வை. வரும்போது ‘வா’ன்னு சொல்லு, அனுப்பும்போது ‘போயிட்டு வா’ன்னு சொல்லு. குழி வத்தட்டும், அவனே உன்னைத் தேடி வருவான்.”

அடுத்த மழைக்கு செம்பாயி மூங்கிலைப் பிளந்து இறவாரத்தில் கட்டினாள். கூரையின் அழுக்கைக் கழுவிவந்த முதல் தண்ணீரைச் செடிக்கு விட்டாள். அப்புறம் அண்டாவின் வாயில் துணி கட்டி, “வா” என்று பிடித்தாள். அரிசி களைந்த தண்ணீரைக் கீரைக்கு ஊற்றி “போயிட்டு வா” என்றாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கு ஊற்றி “போயிட்டு வா” என்றாள். குளித்த தண்ணீரைத் தென்னைக்கு விட்டு “போயிட்டு வா” என்றாள். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன தண்ணீர் சொன்ன சொல் தவறவில்லை, அடுத்த மழையில் கரட்டுக் குழியில் கிடந்த கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அண்டா வழிந்தது, குடம் வழிந்தது, தொட்டி வழிந்தது. வழிந்ததை வீணாக்காமல் வற்றிய கிணற்றுப் பக்கம் குழி வெட்டி, ஜல்லியும் கரியும் மணலும் போட்டு உள்ளே இறக்கினாள். மூன்றாவது மழையில் கிணறு விளிம்பு தொட்டது. ஊர்ச் சனம் குடத்தோடு வந்து நின்றது. எல்லோருக்கும் இறைத்துக் கொடுத்து “போயிட்டு வாங்க” என்றாள். வந்தவர்கள் தண்ணீருக்காக வந்தார்கள், தண்ணீர் எடுத்ததும் கிளம்பினார்கள். வீடு மறுபடி வெறிச்சென்று ஆகிவிடும்.

அண்டா சொன்னதுபோலவே கருங்குடுமி ஒரு நடுப்பகலில் வந்து கிணற்றடியில் நின்றான். அவன் குழியில் பாதி வற்றிவிட்டதாம்.

“செம்பாயி, இந்தக் கிணத்தப் பாத்து ஒரே ஒரு தடவ ‘போ’ன்னு சொல்லு. சொன்னா உன் தங்கச்சிய நான் திருப்பி அனுப்பறேன்.”

கிணறு என்ன கிணறு, வீட்டையே கேட்டாலும் கொடுத்திருப்பாள். உதடு குவிந்துவிட்டது. உள்ளே தண்ணீர் நடுங்கியது. சொல் நாக்கு நுனிக்கு வந்த நேரத்தில், மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வாய் இதே சொல்லைச் சொன்னது ஞாபகம் வந்தது. உடம்பெல்லாம் கூசிப்போனது.

“ஐயா, ஒரு சந்தேகம்” என்றாள். “அவள ‘போ’ன்னு சொன்னது நீங்களா, நானா?”

“நீதான்.”

“அப்ப ‘வா’ன்னு கூப்பிட வேண்டியதும் நான்தான? நீங்க எப்படித் திருப்பி அனுப்புவீங்க?”

மந்திரவாதி விழித்தான். முகம் கறுத்தது, குடுமி அவிழ்ந்தது. “உன்கிட்ட எனக்கென்ன பேச்சு? நான் போறேன்!” என்று திரும்பினான்.

போறேன்! வரேன் என்று சொல்லவில்லை. அவன் கேட்டு வாங்கிய வரம் அவனையே பிடித்து, தரதரவென்று கரட்டுக்கு இழுத்துப்போய்க் குழிக்குள் தள்ளியது. அவனை ‘வா’ என்று கூப்பிட ஈரேழு உலகத்திலும் ஆள் கிடையாது. அதனால் அவன் அங்கேயே இருக்கிறான்.

கரட்டின் காவல் உடைந்தது. ஊரார் விரட்டிய மாமியார், விரட்டிய மருமகள், விரட்டிய கன்றுக்குட்டி எல்லாம் உச்சியில் வரிசையாக நிற்பது ஊருக்குத் தெரிந்தது. சனமெல்லாம் அடிவாரத்துக்கு ஓடி, “வா, வா, வா!” என்று கூப்பிட்டது. கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக இறங்கினார்கள். தண்ணீரும் அவரவர் வீடு பார்த்து இறங்கியது. ராஜாவும் முழங்கால் சேற்றில் நின்று கூப்பிட்டார். அவர் துரத்திய கணக்குக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசியில் கரட்டு மேல் ஒருத்தி மட்டும் நின்றாள், நாச்சி. கீழே ஒருத்தி மட்டும் நின்றாள், செம்பாயி. மழைக்குச் சொன்ன வாய்தான், தண்ணீருக்குச் சொன்ன வாய்தான், தங்கைக்குச் சொல்ல வரவில்லை. முதலில் மனசுக்குள் சொன்னாள், நாச்சி அசையவில்லை. முணுமுணுத்துப் பார்த்தாள், நாச்சி அசையவில்லை. அப்புறம் வெட்கம், ரோஷம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கரடு எதிரொலிக்கக் கத்தினாள்:

“நாச்சீ! நான் சொன்னது தப்புடி! வா!”

நாச்சி இறங்கி வந்தாள். போன அன்று கட்டியிருந்த அதே பாவாடை, அதே ஈரத் தலை. கிட்ட வந்து அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இந்த ஒரு வார்த்தையச் சொல்ல மூணு வருஷமாக்கா?”

செம்பாயி முந்தானையால் தங்கையின் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே அழுதாள். நாச்சியும் அழுதாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் அந்த வீட்டில் நெடுநாள், தினம் ஒரு சண்டை போட்டுக்கொண்டு, ரொம்ப நன்றாக வாழ்ந்தார்கள்.