வஞ்சி பின்னிய நான்கு பொம்மைகள்

மழைக்காலம் வந்தால் குளக்கரை நாவல் மரத்தடியில் இரண்டு பேரைத் தினமும் பார்க்கலாம். ஒன்று வஞ்சி என்ற முள்ளம்பன்றி. மற்றது துடியன் என்ற முயல்.

வஞ்சி பொம்மை பின்னும். தன் முதுகிலிருந்து உதிர்ந்த இரண்டு நீள முட்கள்தான் அதன் ஊசிகள். காட்டோரம் மேய வரும் செம்மறி ஆடுகளின் ரோமம் முள்வேலியில் சிக்கிக் கிடக்கும். அதைப் பொறுக்கி வந்து நூலாக முறுக்கும். யானை, கரடி, அணில் என்று பின்னி, உள்ளே இலவம்பஞ்சை அடைத்து, குன்றிமணியில் கண் வைத்துவிட்டால் பொம்மை தயார். தாய்மார்கள் இரை தேடிப் போகிற நேரத்தில் குட்டிகள் அந்தப் பொம்மையைக் கட்டிக்கொண்டு அழாமல் தூங்கும். அதனால் காட்டில் வஞ்சிக்கு நல்ல பெயர்.

"என் பின்னல் ஒருநாளும் பிரியாது!" என்று வஞ்சி சொல்லும். அது உண்மையாகவும் இருந்தது.

துடியன் துப்பறியும் நாவல் வாசிக்கும். காட்டு பங்களாவில் தங்கிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் புத்தகங்களைக் குரங்குகள் தூக்கி வரும். தின்ன முடியாது என்று தெரிந்ததும் கீழே போட்டுவிடும். துடியன் அவற்றை எடுத்துக்கொள்ளும். கத்தி, ரத்தம் உள்ள கதைகளைத் தொடாது. மோதிரம் தொலைந்தது, கல்யாண கேக்கைக் காணோம் என்கிற மாதிரி கதைகள்தான் அதற்குப் பிடிக்கும். வஞ்சி பின்ன, துடியன் சத்தமாக வாசிக்கும். மழை பெய்துகொண்டே இருக்கும். இருவருக்கும் அதைவிடச் சுகம் வேறு கிடையாது.

ஒருமுறை மூன்று நாள் விடாத மழை. மலை பங்களா ஒன்றில் பழைய கடிகாரம் தொலைந்த கதையைத் துடியன் வாசித்தது. வஞ்சிக்கு மூச்சு விடக்கூட மறந்துபோயிற்று.

"யார் எடுத்தது? சமையல்காரரா?"

"இல்லை அக்கா! யார் மேல் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையோ, அவர்தான்!" என்றது துடியன். கடைசிப் பக்கத்தில் அப்படியே இருந்தது. துடியன் காதை ஆட்டிச் சிரித்தது. "பார்த்தீர்களா? இதோடு ஏழு கதைகளில் ஆறில் சரியாகச் சொல்லிவிட்டேன்!"

அந்த மூன்று நாளில் வஞ்சி நான்கு பொம்மைகள் பின்னி முடித்திருந்தது.

பத்து நாள் கழிந்தது. ஒரு காலையில் மான்குட்டி அழுதுகொண்டு ஓடி வந்தது. அதன் மஞ்சள் யானையைக் காணோம். மறுநாள் குரங்குக் குட்டியின் கரடி போயிற்று. அதற்கடுத்த நாள் மயில் குஞ்சின் முயல் பொம்மையும் மாயமாயிற்று. தேடாத புதர் இல்லை. குட்டிகள் தூங்க மறுத்தன. தாய்மார்கள் இரை தேடப் போக முடியாமல் தவித்தார்கள்.

காட்டுக்குத் தலைமை தாங்கிய காட்டெருமை குளக்கரையில் எல்லோரையும் கூட்டியது. "நம் காட்டில் திருட்டா? இதுவரை நடந்ததே இல்லையே!" என்றது.

"என்னிடம் விடுங்கள், ஐயா! நான் கண்டுபிடிக்கிறேன்!" என்று துடியன் முன்னால் குதித்தது.

அன்று முழுவதும் துடியன் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு அலைந்தது. மறுநாள் காலை திரும்பக் கூட்டம் கூடியது. துடியன் ஒரு பாறைமேல் ஏறி நின்றது. அதன் கையில் ஒரு துண்டு மஞ்சள் நூல் இருந்தது.

"இது எங்கே கிடைத்தது தெரியுமா? அல்லி வசிக்கும் கிளையில்!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அல்லி என்பது ஒரு தேவாங்கு. யாரோடும் அதிகம் பேசாது. ஒரு எறும்புக்கும் வழிவிட்டு நகர்கிற சுபாவம். பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வயிற்றில் குட்டி தொங்க, அது மெல்லக் கீழே இறங்கி வந்தது.

"நானா? நான் எதற்கு எடுக்கப் போகிறேன், அண்ணா? என் குட்டிக்குத்தான் வஞ்சி அக்கா போன வருஷமே ஒரு பொம்மை கொடுத்தார்களே!"

"நாங்கள் எல்லோரும் தூங்கும்போது விழித்திருப்பது யார்?" என்று கேட்டது துடியன்.

"நான்தான். பூச்சி பிடிக்க வேண்டுமே!"

"சத்தமில்லாமல் நடப்பது யார்?"

"நான்தான். ஆனால்…"

"யார் மேல் யாருக்குமே சந்தேகம் வரவில்லை? இவள் மேல்தான்! அதுதான் இருப்பதிலேயே பெரிய தடயம்!"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தோமே!" என்றது மயில். அல்லிக்குப் பேச்சு வரவில்லை. பேச வராததையே குற்றத்துக்கு அடையாளமாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

காட்டெருமை தலையைக் குனிந்து யோசித்தது. "மாலைக்குள் குட்டியோடு இந்தக் காட்டை விட்டுப் போய்விடு" என்று கடைசியில் சொன்னது.

காட்டுக்கு வெளியே மரமே கிடையாது. தார்ச்சாலையும் சோளக்கொல்லையும்தான். தரையில் தேவாங்கு நடக்கிற வேகத்துக்கு, முதல் நாய் கண்ணில் பட்டாலே கதை முடிந்துவிடும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை.

வஞ்சிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அது நேரே மான்குட்டியிடம் போனது.

"கண்ணு, யானையைக் கடைசியாக எங்கே வைத்திருந்தாய்?"

"முள்ளுப்புதர் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினேன், அத்தை. அப்புறம் மறந்துவிட்டேன்."

குரங்குக் குட்டி கரடியைக் கிளையில் மாட்டிவிட்டுப் போயிருந்தது. மயில் குஞ்சு தன் பொம்மையைக் கல்லிடுக்கில் செருகியிருந்தது. வஞ்சி மூன்று இடங்களுக்கும் போய்ப் பார்த்தது. முள்ளிலும் பட்டையிலும் கல்லிலும் ஒரு விரல்கடை நூல் சிக்கியிருந்தது.

திடீரென்று அதற்கு ஒன்று உறைத்தது. யானை, கரடி, முயல். மூன்றும் அந்தக் கடிகாரக் கதை கேட்டுக்கொண்டே பின்னியவை! நான்காவது, ஒரு அணில். அது கீரியின் குட்டியிடம் இருந்தது.

வஞ்சி அந்த அணிலைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது. கழுத்துக்குக் கீழே பின்னலில் ஒரு கண்ணி, ஒரு சின்ன வளையம், ஊசியில் ஏறாமல் நழுவியிருந்தது. கதையின் சுவாரசியத்தில் கை எண்ணிக்கையை விட்டிருந்தது. அந்த ஒற்றைக் கண்ணி எதிலாவது மாட்டினால் போதும். மொத்தமும் அவிழ்ந்துவிடும்.

இந்தக் காட்டில் கண்ணியைப் படிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. முள்ளை எடுத்து ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டால், அணில் சரியாகிவிடும். வஞ்சியின் பெயரும் அப்படியே இருக்கும். அல்லி போய்விடும்.

வஞ்சி அணிலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தது. குளக்கரைக்கு வேகமாக நடந்தது.

"நில் அல்லி! ஒரு அடி எடுத்து வைக்காதே!"

அல்லி குளக்கரையை ஒட்டிய கடைசி மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். துடியன் ஓடி வந்தது.

"அக்கா, குற்றவாளியைத்தான் பிடித்தாயிற்றே!"

"பிடிக்கவில்லை, தம்பி. இப்போது பிடிக்கிறேன். நீயே வந்து இந்த நூல் நுனியைப் பிடி."

துடியன் பிடித்தது. வஞ்சி அணிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தது. ஒரு வரிசை உருவியது. இரண்டு, பத்து, இருபது! கழுத்து போயிற்று. வயிறு போயிற்று. வால் போயிற்று. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணில் இல்லாமல் போயிற்று. சுருள் சுருளாகக் கொஞ்சம் நூல், இரண்டு குன்றிமணி, ஒரு பிடி பஞ்சு. காற்று வந்து பஞ்சையும் கொண்டுபோயிற்று.

"யாரும் திருடவில்லை, ஐயா. பொம்மைகள் தாமாகவே அவிழ்ந்திருக்கின்றன. கண்ணி விட்டது நான். தப்பு என்னுடையது!" என்றது வஞ்சி.

"அப்படியென்றால் அவிழ்ந்த நூல் எங்கே? அதுவும் அவள் கிளைக்கு எப்படிப் போயிற்று?" என்று துடியன் விடாமல் கேட்டது.

துடியனின் தலைக்கு மேலே, இலைக்குள்ளிருந்து, ஒரு தையல்சிட்டு தலையை நீட்டியது.

"ஐயோ, அந்த நூலா? முள்ளுப்புதரிலும் கிளையிலும் கல்லிடுக்கிலும் குவியலாகக் கிடந்ததே! யாருக்கும் வேண்டாம் போல என்று கூடு தைக்க எடுத்துக்கொண்டேன். பஞ்சையும்தான் உள்ளே போட்டிருக்கிறேன். ஒரு துண்டு நூல் வழியில் அல்லி கிளையில் விழுந்துவிட்டது. என்னை யாரும் கேட்கவே இல்லையே!"



துடியனின் காதுகள் இரண்டும் தொங்கின. "கதையில் எப்போதும் ஒரு திருடன் இருப்பானே…" என்றது மெதுவாக.

"கதை எழுதுகிறவர் முதலிலேயே ஒரு திருடனை வைத்துவிட்டுத்தான் எழுதுவார், தம்பி. இங்கே இல்லாத ஒருவனை நாம் உண்டாக்கிவிட்டோம்" என்றது வஞ்சி.

காட்டெருமை அல்லியின் முன்னால் வந்து கொம்பைத் தாழ்த்தியது. "விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு, தாயே."

துடியனும் வந்து நின்றது. "என்னையும் மன்னித்துவிடு, அல்லி."

அல்லி குட்டியைத் தடவிக்கொடுத்தது. பிறகு முதன்முதலாகச் சத்தமாகப் பேசியது.

"மன்னிக்கிறேன், அண்ணா. ஆனால் பாறைமேல் ஏறி நின்று என்னைத் திருடி என்று சொன்னீர்களே, அதே குரலில் மரத்துக்கு மரம் போய், 'அவள் திருடி இல்லை' என்றும் சொல்லிவிட்டு வாருங்கள்!"

துடியன் போயிற்று. மூங்கில்காட்டில் சொன்னது. ஓடைக்கரையில் சொன்னது. கூட்டத்துக்கு வராத ஆமையைப் புற்களுக்குள் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னது. பழி ஒரு காலையில் பரவிவிட்டது. அதைத் திரும்பப் பெற இரண்டு நாள் பிடித்தது. முயலுக்குத் தொண்டையே கட்டிப்போயிற்று.

வஞ்சி அந்த இரண்டு நாளும் பின்னவே இல்லை. குட்டி குட்டியாகத் தேடிப் போய், தான் கொடுத்த பொம்மைகள் அத்தனையையும் வாங்கி, கண்ணி கண்ணியாகப் பார்த்துச் சரிசெய்தது. கண்ணி விட்டதற்காக யாரும் அதன் மதிப்பைக் குறைக்கவில்லை. முன்பைவிட அதிகமாகவே நம்பினார்கள்.

அடுத்தவர் மேல் பழி போடும் முன், நம் கைவேலையில் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இருந்தால் அதை எல்லோர் முன்னிலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.