எறும்பு மேல குறி பழகின பெரியதுரை

சொல்லப்போறது அத்தனையும் நெசம்! ஒரு வார்த்த பொய்யின்னாலும் இனிமே என் சோத்துல உப்பு இல்லாமப் போகட்டும்.

குளத்தங்கரை இலந்த மரத்துல ஒரு பச்சோந்தி. பேரு பெரியதுரை. போன ஆடியில, தன் தலையவிடப் பெரிய வெட்டுக்கிளிய ஒரே எறியில நாக்கால ஒட்டி இழுத்துட்டான். அம்புட்டுதான்! அன்னையிலருந்து, "நான் பெருவேட்டைக்காரன்!"னு கழுத்த நிமித்தினவன் எறக்கவே இல்ல.

அதே மரத்துல, காத்துல ஆடுற நுனிக்கொம்புல, தேன்சிட்டு பூவாத்தா கூடு கட்டியிருந்தா. உள்ள ரெண்டு குஞ்சு.

"அண்ணே, கும்பிடுபூச்சி ஒண்ணு குஞ்சுங்களத் தேடிச் சுத்துது. நான் இரைக்குப் போறப்ப கொஞ்சம் பாத்துக்குறியா?"

"நான் இருக்கிற மரத்துல எவன் வருவான்? தைரியமா போ தங்கச்சி!"

மேல் கொம்புலருந்து அணில் மொட்டையன் எட்டிப் பாத்தான்.

"துரை, நாக்க எறிஞ்சு பழகுறியா?"

"தெனம் நூறு எறும்பு! ஒண்ணு தப்புனதில்ல!"

"அதான் பாக்குறேனே! அடிமரத்து நெழல்ல சப்பணம் போட்டுக்கிட்டு, வரிசையில வர்ற எறும்ப நக்குற. அது பழக்கமா, பலகாரமா? நுனிக்கொம்புக்கு வா! கொம்பு ஆடணும், காத்து அடிக்கணும், நீ தலகீழா தொங்கணும். அங்க எறிஞ்சு காட்டு!"

"போடா கொட்ட பொறுக்கி! வெட்டுக்கிளியப் புடிச்சவனுக்கே பாடமா?"

மொட்டையன் மேல் கொம்புக்கே திரும்பத் தாவிட்டான்.

நாலாம் நாள் மத்தியானம் கும்பிடுபூச்சி வந்துச்சு. சாமி கும்புட வந்த மாதிரி கையக் கூப்பிக்கிட்டு கூட்டு வாசல்ல நின்னுச்சு. அம்மாதான்னு நெனச்சு குஞ்சுங்க வாயப் பொளந்துச்சுங்க.

பெரியதுரை ஓடினான். அவன் ஓட்டம் நம்ம நடையில பாதி! நுனிக்கு வந்தா, கொம்பு இப்பிடி ஆடுது, கூடு அப்பிடி ஆடுது. எறிஞ்சான் நாக்க!

தப்பிடுச்சு. போய் ஒட்டுனது சின்னக் குஞ்சோட கால்ல. பழக்கதோஷத்துல வெடுக்குன்னு இழுத்தும்புட்டான். "கீச்!" கால் ஒடிஞ்சுபோச்சு.

மொட்டையன்தான் மேலருந்து குதிச்சு, வாலால ஒரே அடியில பூச்சியக் குளத்துல தள்ளுனான்.

பூவாத்தா வந்தா. பாத்தா. "யாரு பண்ணது?"

"நான்தான்... தங்கச்சி."

அவ திட்டல. "நீ இருக்கன்னுதானே அண்ணே போனேன்"னு மட்டும் சொன்னா. திட்டியிருந்தாக்கூடத் தேவல. பெரியதுரை எல நெறத்துக்கு மாறுனான், பட்டை நெறத்துக்கு மாறுனான். எந்த நெறத்துலயும் அவனுக்கு ஒளிய எடம் கெடைக்கல.

மறுநாள் விடிஞ்சதும் நுனிக்கொம்புல ஒரு காஞ்ச எலைய ஆட விட்டு, தலகீழா தொங்கி எறிஞ்சான். தப்புச்சு. மறுபடி எறிஞ்சான். தவளைங்க சிரிச்சுதுங்க. சிரிக்கட்டும்னு மறுபடி எறிஞ்சான்.

பத்து நாள் போச்சு; ரெக்க மொளச்ச சின்னக் குஞ்சு நொண்டி நொண்டிப் பக்கத்துல வந்துச்சு.

"மாமா, தெனமுமா எறிவ?"

"தெனமும்டா கண்ணு."

"முன்னாடியே எறிஞ்சிருக்கலாம்ல?"

பெரியதுரைக்கு நாக்கு அம்புட்டு நீளம். அத மறுபடியும் ஆடுற எலை மேலயே எறிஞ்சான்.

பெரிய வேட்டைக்குப் போறவன் ஆடுற கொம்புலதான் தெனம் பழகணும். இல்லாட்டி தப்புன குறி ஒரு பாவமும் அறியாத உசுரத்தான் போய்த் தைக்கும்.

சரி, ஓசியில கேட்டுட்டு நைசா நழுவாதீங்க! ஆளுக்கு ரெண்டு முறுக்கு எடுத்து வைங்க. ஒடஞ்சத எவன் தலையிலயாவது கட்டுங்க, எனக்கு முழுசு!