ஒன்று அதிகம்

பாழடைந்த வீட்டைக் கண்டால் சிலருக்குக் கை துறுதுறுக்கும். செங்கோடர் அந்த ரகம். நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார்.

அவருடைய குரு பூரணி அம்மாள் அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆற்றோரம் ஓலைக் குடிசையில் இருந்தார். செங்கோடர் அவரை 'அம்மா' என்பார். அவர் செங்கோடரை 'அண்ணா' என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் இருவரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

மலைக்கோயிலுக்குப் போகும் பாதையில் கரைத்தோட்டம் என்று ஒரு பண்ணை. ஒருகாலத்தில் காவடிக்காரர், வண்டிக்காரர் என்று யார் வந்தாலும் ஒரு ராத்திரி தங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்களாம். பிறகு பங்காளிச் சண்டையில் வீடு பூட்டிக் கிடந்தது. கூரை இறங்கியது. கிணற்றுச் சுவரில் அரசமரம் முளைத்தது.

வாரிசுகள் அந்தப் பண்ணையை ஒரு சொல்லின் பேரில் அம்மாவிடம் விட்டார்கள். தைப்பூசத்துக்குள் அந்த வீட்டில் மறுபடியும் விருந்து தங்க வேண்டும். தங்காவிட்டால் பண்ணையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மனை போட்டு விற்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

அம்மா சாவியைச் செங்கோடரிடம் கொடுத்தார்.

"பழையபடி ஆக்குங்கண்ணா. ஆனதும் நான் வந்து விளக்கேத்தறேன். அதுக்கப்புறம் கதவைத் திறந்து வைக்கலாம்."

செங்கோடர் அங்கேயே படுத்தார், அங்கேயே எழுந்தார். சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைக்க வைத்தார். சிமெண்டு கலக்கலாம் என்ற கொத்தனாரைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார். நாட்டு ஓடு தேடி ஊர் ஊராக அலைந்தார். தலைவாசல் கதவு முன்பும் இப்படித்தான் முனகும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதால் அதற்கு எண்ணெய் போடாமல் விட்டார்.

பூசத்துக்கு முந்தைய நாள் வந்தது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் சாயங்காலம் வந்து தங்குவதாக இருந்தது. முதல் விருந்து. கடைசி நாளும் அதுதான்.

மத்தியானம் அம்மா வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். சுவரைத் தடவினார். கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்தார். செங்கோடர் பின்னாலேயே நடந்தார். இதுவரை அம்மா அவரிடம் எதற்கும் 'நல்லது' என்று சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுவார் என்று நினைத்தார்.

முற்றத்துக்கு வந்ததும் அம்மா நின்றார். நடுவில் செங்கல் மேடை கட்டி, அதன்மேல் நீளமான ஒரு கருங்கல்லைக் கிடத்தியிருந்தது. மஞ்சள் பூசி, பூ வைத்து, பக்கத்தில் அகல் விளக்கு.

"இது?"

"வெளிய ரோட்டோரம் ரெண்டு கல்லுக்கு மேல குறுக்கே கிடந்துதுங்கம்மா. அழுக்கைச் சுரண்டிப் பார்த்தா எழுத்து இருக்குதுங்க. செல்லாயின்னு பேரு. இந்த வூட்டு மருமக. வயித்துல புள்ளையோட செத்துப் போனவங்க. அவங்க பேர்ல வச்ச கல்லு."

"ஓ."

"வூட்டுப் பொம்பளை வீதியிலயா கிடக்கறது? லாரிப் புழுதி, நாய் வேற வந்து படுக்குது. மனசு கேக்கலைங்க. போன மழைக்கு முன்னாடி உள்ளே கொண்டாந்துட்டேன். பாலூத்திக் கழுவி வச்சேன்."

அம்மா அந்தப் பெயரின்மேல் விரலை ஓட்டினார். அப்புறம் வாசலுக்கு நடந்தார்.

"விளக்கேத்திடலாங்களா? என்ன குறைன்னாலும் சொல்லுங்க."

"ஒண்ணும் குறையலைங்கண்ணா. ஒண்ணு அதிகமா இருக்குது."

"எது?"

அம்மா வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

செங்கோடர் வீட்டுக்குள் ஓடினார். முதலில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். பிறகு மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலிகள். பிறகு 'நல்வரவு' என்று எழுதிய பலகை. தன் படுக்கையைக்கூடச் சுருட்டி மாட்டுக்கொட்டகையில் போட்டார். ஒவ்வொன்றையும் எடுத்ததும் வாசலுக்கு வந்து கேட்டார்.

"கடிகாரமுங்களாம்மா?"

"அது பாட்டுக்கு ஓடட்டுங்கண்ணா."

"மின்விசிறிங்களா?"

"சென்னைக்காரங்க வேர்த்துச் செத்துருவாங்க. திரும்ப மாட்டுங்க."

"பின்னே நானுங்களா?"

அம்மா சிரித்துவிட்டார். "உங்களை எடுத்துட்டா விருந்துக்கு யாருங்கண்ணா சமைக்கறது?"

அவர் மறுபடியும் உள்ளே போனார். பூஜை அறையில் படங்களை எண்ணினார். சமையற்கட்டில் கரண்டிகளை எண்ணினார். எல்லாம் கணக்காகத்தான் இருந்தன. வெயில் தாழ்ந்தது.

வாசலில் யாரோ பேசும் சத்தம் கேட்டது. சென்னைக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடி வந்தார்.

வந்தது மாராத்தாள். வாய்க்கால் பக்கமிருந்து தினமும் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு அறுத்துச் சுமந்து போகிறவள். தலையில் பச்சைத் தட்டுக் கட்டு, இரண்டு பக்கமும் தொங்கி முகத்தை மறைத்தது. ரோட்டோரத்தில் மொட்டையாக நின்ற இரண்டு கல்தூண்களுக்கு நடுவே வந்து நின்று மூச்சு வாங்கினாள். வழக்கம்போல ஒரு நொடி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க மேஸ்திரி," என்றாள் கட்டுக்குள்ளிருந்து. "வூடு நல்லாத்தான் கட்டியிருக்கறீங்க. காரு நிக்கறதுக்கும் நெழல் போட்டிருக்கறீங்க. என்ற தட்டுக்கட்டுக்குத்தான் எடமில்லாமப் போச்சு."

"கீழே போட்டுட்டு உக்காரு ஆத்தா. யார் வேண்டாங்கறா?"

"போட்டா? மறுக்காத் தூக்கி வுட நீங்க வருவீங்களா தெனமும்?"

செங்கோடர் வாயைத் திறக்குமுன் பூரணி அம்மாள் எழுந்து வந்தார்.

"இங்க குடுங்க, ஆத்தா."

"ஐயோ, வேண்டாமுங்க சாமி. கனம்."

"குடுங்க."

மாராத்தாள் தயங்கித் தலையைச் சாய்த்தாள். கட்டு அம்மாவின் தலைக்கு மாறியது. அம்மா அந்த இரண்டு தூண்களுக்கும் நடுவில் போய் நின்றார். இரண்டு கையாலும் கட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

மாராத்தாள் திகைத்துப் போய்ச் செங்கோடரைப் பார்த்தாள்.

"அம்மா, என்னங்க இது! எறக்குங்க," என்றார் செங்கோடர்.

"எங்கீங்கண்ணா எறக்கறது?"

"தரையிலதான். நான் திரும்பத் தூக்கி விடறனுங்க."

"இன்னைக்குத் தூக்கி விடுவீங்க."

அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. மெலிந்த உடம்பு.  செங்கோடர் கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார். அம்மா ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது.

நரைத்த மீசைக்காரர் ஒருவர், அவர் மனைவி, தடித்தடியாக இரண்டு மகன்கள், ஒரு டிரைவர். கையில் பையோடு இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சாத்திய கதவு. விளக்கில்லாத வீடு. வாசலில் தட்டுக்கட்டைச் சுமந்துகொண்டு ஒரு காவிச் சேலைப் பெண்மணி.

"இதுவும் பேக்கேஜ்ல வருதா சார்?" என்றான் இளையவன்.

"சும்மா இருடா," என்றார் அப்பா. பிறகு செங்கோடரிடம், "வீடு இன்னும் ரெடியாகலையா? இல்லேன்னா டவுன்ல ரூம் பார்த்துக்கறோம். ஒண்ணும் பிரச்சினை இல்லை."

செங்கோடர் வீட்டைப் பார்த்தார். அவர்கள் இப்போது திரும்பிப் போனால் எல்லாம் போச்சு. கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போய்விடலாம். சுண்ணாம்புச் சுவரும், கிணறும், முற்றத்தில் மஞ்சள் பூசிய கல்லும்…

அவர் நினைப்பு அந்தக் கல்லிலேயே நின்றது.

மெல்லத் திரும்பி இரண்டு தூண்களையும் பார்த்தார். அவற்றின் உச்சி, நின்ற அம்மாவின் தோள் உயரம் இருந்தது. தனியாக வருகிற ஒருத்தி யார் கையையும் எதிர்பாராமல் கட்டைச் சரித்து வைக்கவும், இளைப்பாறியபின் குனிந்து தானே தலைக்கு வாங்கிக்கொள்ளவும் ஆன உயரம். வீடு முழுக்க அளந்தவர். இதை அளக்கவில்லை.

"சார்," என்றார் மீசைக்காரரிடம்.  "வந்ததும் வராததுமாக் கேக்கக் கூடாது. ஒரு கை குடுப்பீங்களா? உள்ளே ஒரு கல்லு இருக்குதுங்க. வெளிய கொண்டாரணும்."

தலைவாசல் கதவு முனகிக்கொண்டு திறந்தது. செங்கோடர் பூவை எடுத்து வைத்தார். கல்லைக் கயிற்றில் பிணைத்து இரண்டு மூங்கிலைக் கோத்தார்கள். மகன்கள் முன்னால், டிரைவரும் மீசைக்காரரும் பின்னால். செங்கோடர் பக்கத்தில் தாங்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றே வந்தார். பாதி வழியில் மீசைக்காரரின் வேட்டி அவிழ்ந்துவிட்டது. அவர் மனைவி சிரித்துக்கொண்டே இழுத்துச் செருகிவிட்டார்.

அம்மா ஒதுங்கி வழிவிட்டார். கல் தூண்களின்மேல் ஏறியது. கொஞ்சம் நகர்த்தியதும் பழைய பள்ளத்தில் தானாகப் பொருந்தி உட்கார்ந்தது. செல்லாயி என்ற எழுத்து ரோட்டைப் பார்த்திருந்தது.

அம்மா கல்லுக்கு முதுகு காட்டி நின்று, தலையைப் பின்னால் சாய்த்தார். கட்டு சரிந்து கல்லின்மேல் இறங்கியது.

 மாராத்தாள் சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்லுக்குக் கீழே நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். செங்கோடர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.

"ஆத்தா செல்லாயி," என்றாள் கல்லைத் தட்டி. "எங்கடி போயிருந்தே இத்தனை நாளா?"

மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சென்னைக்காரர்கள் தங்கள் பைகளோடு வாசலில் நின்றார்கள். செங்கோடர் அம்மாவின் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"விளக்கு வைக்கற நேரமாச்சுங்கம்மா. இப்பவாச்சும் உள்ளே வர்றீங்களா? விருந்து வந்து காத்திருக்குது."

அம்மா தலையில் ஒட்டியிருந்த சோளத்தோகையை எடுத்துப் போட்டுவிட்டு, மாராத்தாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இந்த ஆத்தா எந்திரிக்கட்டுங்கண்ணா. விருந்து வாசல்ல உக்காந்திருக்கறப்ப நாம மட்டும் உள்ளே போறதா?"