நின்றுகொண்டே ஓடிய வண்டி

அந்த இடத்தை யாரும் ஆசிரமம் என்று சொன்னதில்லை. கொல்லிமலை அடிவாரத்தில், மண்பாதை முடிகிற இடத்தில் ஓர் ஓட்டு வீடு. 'அக்கா வீடு' என்பார்கள். அக்காவுக்கு நாற்பத்துமூன்று வயது. எழுபது வயதுக்காரர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பு நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்தியவர். இப்போது வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவர் வேலை. நாள் முழுக்கக் கேட்பார். பொழுது சாயும்போது, கேட்டதெல்லாம் தோளில் ஏறி உட்கார்ந்திருப்பது போல் தெரியும்.

இளம்பரிதி அங்கே வந்து ஒரு வருடம் ஆகிறது. அக்காவைவிட ஆறு வயது மூத்தவன். ஜெர்மனியில் ஒரு கார் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவன். ஏன் திரும்பினாய் என்று கேட்டால் களைப்பு என்பான். அங்கே ஏன் அத்தனை வருடம் இருந்தாய் என்று கேட்டாலும் அதையேதான் சொல்வான்.

மலையிலிருந்து இறங்கி வருகிற நோயாளிகளை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அக்கா வீட்டில் ஒரு வேன் இருந்தது. மாசி மாதம் அது ஒரேயடியாகப் படுத்துவிட்டது. சேதி பரவியதும் இரண்டு பேர் இரண்டு காரோடு வந்து நின்றார்கள். கோழிப்பண்ணை தங்கவேல் கொண்டுவந்தது வெளிநாட்டுக் கம்பெனியின் சாம்பல் நிற வண்டி. லாரிக்கு பாடி கட்டும் அத்தியப்பன் கொண்டுவந்தது நம்மூர்க் கம்பெனியின் வெள்ளை வண்டி. இருவரும் சம்பந்திகள்.

"சம்பந்தி குடுக்கறது தகர டப்பாங்க அக்கா," என்றார் தங்கவேல். "கதவைச் சாத்துங்க, சத்தமே சொல்லிப்போடும்."

"இவுரு வண்டி கண்ணாடி ஒடஞ்சா கப்பல்லதான் வரணுங்க," என்றார் அத்தியப்பன். "அது வர்றதுக்குள்ள நோயாளி பொழச்சு நடந்தே வீட்டுக்குப் போயிருவான்."

"மைலேஜ் என்ன குடுக்குதுன்னு கேளுங்க அக்கா."

"அதையே நானும் சொல்றேன். கேளுங்க."

அக்கா நெற்றியை அழுத்திக்கொண்டார். இடம் ஒரு வண்டிக்குத்தான் இருந்தது. ஒன்றை வாங்கினால் மற்றவர் முகம் சுண்டும்.

"பரிதி, நீங்க வண்டி செஞ்சவரு. எது நம்ம ஊரு வண்டி, எது வெளியூரு வண்டி?"

"கம்பெனிதான் வெளிநாடு அக்கா. சாம்பல் வண்டியை மெட்ராஸ் பக்கத்துல செஞ்சிருக்காங்க. வெள்ளை வண்டி நம்மளுது. ஆனா அதோட இன்ஜினை வடிவமைச்சது வெளிநாட்டுக்காரங்க."

"அப்ப எது எந்த ஊரு?"

"சொல்றது கஷ்டம்."

"உங்களாட்டமே இருக்குது," என்றார் அக்கா. சம்பந்திகள் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஒன்றாகச் செய்தது அது மட்டும்தான்.

"ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவங்க வருவாங்க. அதுக்குள்ள சொல்லுங்க."

பரிதிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அளப்பது அவனுக்குத் தெரிந்த காரியம். சேந்தமங்கலம் பெட்ரோல் பங்கில் டேங்கை வழிய நிரப்பிக்கொள்வது. ராசிபுரம் வரை போய்த் திரும்புவது. அதே பங்கில், அதே குழாயில் மறுபடி நிரப்புவது. எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு குடித்திருக்கிறது. ஏமாற்ற வழியில்லாத கணக்கு.

ராசிபுரத்தில் அவனுடைய அண்ணன் மலையமான் இருந்தார்.

தை மாதம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அண்ணிதான் போன் செய்தாள். "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க தம்பி. வாதம் இன்னொரு தடவ வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு." வருகிறேன் என்றான். தையும் மாசியும் போயின. பங்குனியும் பிறந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாம்பல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வண்டி வெண்ணெயாக ஓடியது. ராசிபுரத்தில் அவனுக்கு வேலை எதுவும் இல்லை. ஊர் எல்லையிலேயே திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. அண்ணன் வீட்டுத் தெருவில் நுழைந்து, பச்சை கேட்டுக்கு எதிரே இரண்டு வீடு தள்ளி ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தினான். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்தான். கேட்டுக்குள் அண்ணனின் பழைய ஸ்கூட்டர் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதன்மேல் ஒரு துண்டு காய்ந்தது. உள்ளே யாரோ மிக்சி போட்டார்கள். மிக்சி நின்றது. இப்போது இறங்கலாம் என்று நினைத்தான். அண்ணி சாப்பாடு ஊட்டுகிற நேரமாக இருக்கும், அதில் போய் நிற்கக்கூடாது என்று நினைத்தான். சாப்பிட்டதும் தூங்குவார் என்று நினைத்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு திரும்பிவிட்டான்.

புதன்கிழமை வெள்ளை வண்டியில் போனான். அதே வேப்பமர நிழல், அதே கேட், அதே அணைக்காத இன்ஜின். துண்டு மட்டும் வேறு நிறம்.

வியாழன் மாலை அக்கா முன்னால் உட்கார்ந்தான். வந்தவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். அக்கா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார்.

"சொல்லுங்க."

"தரம் ரெண்டுலயும் நல்லாத்தான் இருக்கு. சாம்பல் வண்டி சத்தம் கம்மி. வெள்ளை வண்டி குண்டு குழியைத் தாங்குது. மைலேஜ்தான் புரியல."

"ஏன்?"

"லிட்டருக்கு இருபதுன்னு சொன்ன வண்டி பன்னெண்டு குடுத்துது. பதினெட்டுன்னு சொன்னதும் பன்னெண்டை ஒட்டித்தான் குடுத்துது."

"ரெண்டு கம்பெனியும் பேசி வெச்சுப் பொய் சொல்லுதா?"

"ட்ராஃபிக்கா இருக்கலாம். பெட்ரோல்ல கலப்படம் இருக்கலாம்."

"ரெண்டு நாளும் ஒரே அளவுலயா?"

பரிதி பங்க் ரசீதுகளை எடுத்து மறுபடி பார்த்தான்.

"நான் கணக்கு நடத்தறப்ப," என்றார் அக்கா, "ரெண்டு பசங்க ஒரே தப்பான விடை எழுதியிருந்தா, விடையைப் பாக்கமாட்டேன். பக்கத்துல உக்காந்திருந்தது யாருன்னு பாப்பேன். ரெண்டு வண்டிக்கும் பொதுவா என்ன இருந்துச்சு?"

"ரோடு. பங்க். வெயில்."

"அப்புறம்?"

"நான்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று பரிதி எழப் போனான்.

"ஆஸ்பத்திரி நாமக்கல்ல இருக்குது," என்றார், கண்ணைத் திறக்காமலே. "நீங்க ஏன் ராசிபுரம் ரோட்டுல அளந்தீங்க?"

"அந்த ரோட்டுல எல்லாம் இருக்கு அக்கா. கடைவீதி, வளைவு, நேர் ரோடு..."

"ம்."

"அண்ணன் வீடும் இருக்கு."

"காலையில வெள்ளை வண்டியை எடுங்க. நானும் வர்றேன்."

வெள்ளி காலை அக்கா ஒரு தலையணையோடு வந்தார். முன்கதவைத் திறந்து நின்ற பரிதியைத் தாண்டிப்போய், பின்சீட்டில் ஏறி, முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டார்.

"உடம்பு சரியில்லையா அக்கா?"

"நல்லாத்தான் இருக்கேன். இதுல வரப்போறவங்க இப்படித்தான வருவாங்க? அவங்களுக்கு ஸ்டியரிங் எதுக்கு? போங்க."

சேந்தமங்கலம் தாண்டியது. ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது.

"இடுப்புக்கு ஒண்ணும் ஆகல," என்றது பின்சீட்டுக் குரல். "இது போதும். இதையே வெச்சுக்கலாம்."

"சாம்பல் வண்டியில படுத்துப் பாக்கவே இல்லையே அக்கா?"

"நேத்து நீங்க குளிக்கப் போனப்ப பாத்தேன். நல்ல வண்டி. காலை மடக்கினா கதவு இடிக்குது."

"தங்கவேல் அண்ணன் கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கட்டும். நாளைக்கு முட்டை அனுப்புவாரு. கோவம் வந்தா அவருக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

பரிதிக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்கியதும், கண்ணாடியில் அக்காவின் முகம் தெரியாதது வசதியாக இருந்தது. சாலையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தான்.

"அப்பா செத்தப்ப என்னால நேரத்துக்கு வர முடியல. பெங்களூர்ல இறங்கி, வாடகைக்குப் பெரிய கார் ஒண்ணு எடுத்துட்டு ஓட்டமா ஓடி வந்தேன். வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. அண்ணன் தலையை மழிச்சுட்டு வாசல்ல நிக்கறாரு. நான் இறங்கறேன். ஊரே பாத்துட்டு நிக்குது. அவரு என் மூஞ்சியப் பாக்கறாரு, காரைப் பாக்கறாரு. 'மைலேஜ் எவ்வளவு குடுக்குது?'ன்னு கேட்டாரு."

எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டான்.

"எனக்குப் பொறுக்கல. 'அப்பாவைக் கொளுத்திட்டு வந்து கேக்கற கேள்வியா இது? நீயெல்லாம் ஒரு அண்ணனா?'ன்னு கேட்டுட்டேன். அத்தனை பேர் முன்னால. அவரு திரும்பி உள்ள போயிட்டாரு. அதுக்கப்புறம் ஏழு வருசமாப் பேச்சில்ல."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி மட்டும் என்ன? மாசம் ஒரு போன். ஜெர்மனியில குளிரு எப்படி, வேலை எப்படி, எதுவும் கேக்கமாட்டாரு. புதுசா கார் வாங்கினேன்னு சொன்னா மைலேஜ். சைக்கிள் வாங்கினேன்னு சொன்னாக்கூட அதையே கேட்டிருப்பாரு. அவருகிட்ட ஒரு ஸ்கூட்டர் இருந்துச்சு. என்னைப் பின்னால வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. ஏரிக்கரை இறக்கம் வந்தா இன்ஜினை அணைச்சிருவாரு. சத்தமே இல்லாம கீழ வரைக்கும் போவோம். மிச்சம் புடிக்கறாருன்னு பசங்க கேலி பண்ணுவாங்க."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

பரிதி யோசித்தான். "பறக்கறாப்பல இருக்கும்," என்றான்.

ராசிபுரம் வந்தது. தெரு வந்தது. வேப்பமரத்து நிழலில், பழகின இடத்தில் வண்டி தானாகப் போய் நின்றது போல் நின்றது. பரிதி ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஏசி காற்று முகத்தில் வீசிக்கொண்டே இருந்தது. மிக்சி ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டான்.

அக்காவுக்குப் படுத்த இடத்திலிருந்து கார் கூரையைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

"வந்துட்டமா?" என்றார்.

"வந்துட்டோம் அக்கா."

"வண்டி ஓடிட்டே இருக்குதே?"

பரிதி சாவியைப் பார்த்தான். பிறகு திருகி அணைத்தான்.

ஏசி நின்றது. அதுவரை தெரியாத தெருவின் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. மீன்காரரின் மணி, எங்கோ ஒரு டிவி, பச்சை கேட்டுக்குள் அண்ணியின் குரல், "இந்தாங்க, வாயைத் தொறங்க." கொஞ்ச நேரத்தில் வெக்கையும் வந்துவிட்டது. சட்டை முதுகில் ஒட்டியது. கண்ணாடியை இறக்கினான். அனல்தான் அடித்தது.

"சாப்பிட்டுட்டு இருக்காரு," என்றான்.

"ம்."

"பேச்சு வராது அக்கா அவருக்கு. நான் போயி நின்னா அவரால திட்டக்கூட முடியாது. போடான்னு சொல்ல முடியாது. திட்டிட்டாருன்னா பரவால்ல. சும்மா பாத்துட்டு இருப்பாரு. அதை எப்படித் தாங்கறது?"

அக்கா எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. தலையணையின் உறையிலேயே துடைத்துக்கொண்டார்.

"மன்னிப்புக் கேக்கலாம்னுதான் ரெண்டு நாளும் வந்தேன்," என்றான் பரிதி. "வாசகமெல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். இங்க வந்து பாத்தா எல்லாம் மேடைப் பேச்சாட்டம் இருக்குது. அவருக்கு அந்தப் பாஷையே தெரியாது. உள்ள போயி மொதல்ல என்னதான் பேசறது?"

"அவரு கடைசியா உங்களை ஒண்ணு கேட்டாருல்ல?"

"ஆமா."

"அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல பரிதி."