ஐந்து மணிக்கு மூட வேண்டிய வழி

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் நடந்தது இது. முடிவில் ஒரு கேள்வி வரும். அதுவரை யார் பக்கமும் சாயாமல் கேளுங்கள்.

அந்த அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் விமலின். ஒப்பந்த வேலை. யாராவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ பழுதாகிவிட்டது என்று அர்த்தம். அந்த வெள்ளிக்கிழமை காலையில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வேலையை விட்டுப் போன ஒருவர், போகிற வாரத்தில் வாடிக்கையாளர் கடிதங்கள் அத்தனையையும் பாப் வழியாகத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு போய்விட்டாராம். ஆகவே மாலை ஐந்து மணிக்கு நாற்பத்துமூன்று கணக்குகளுக்கும் பாப் வழியை மூடிவிட வேண்டும். மூடும்வரை கிளை மேலாளரைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் எல்லோரும் அள்ளிக்கொள்வார்கள். விலக்கு வேண்டுமென்றால் கிளை மேலாளர் எழுத்தில் தர வேண்டும். மறுநாள் ஒரு கணக்கு திறந்திருந்தாலும் விமலினின் ஒப்பந்தம் அதோடு சரி.

பாப் என்பது பெரிய சூத்திரமில்லை. சர்வருக்கு வரும் கடிதங்களை உங்கள் கம்ப்யூட்டர் அள்ளிக்கொண்டு போய்விடும். சர்வரில் எதுவும் மிஞ்சாது. அந்த வழியை மூடினாலும் கடிதம் வருவது நிற்காது. சர்வரிலேயே கிடக்கும். பாஸ்வேர்டு தெரிந்தவர் பிரவுசரில் திறந்து படிக்கலாம்.

அங்கே குமாஸ்தாவாக இருக்கும் பாக்கியநாதன் அண்ணாச்சிக்குப் பிரவுசர் பழக்கமில்லை. அலுவலகத்தின் பொதுக் கணக்கு அவர் மெஷினில்தான் இறங்கும். தினமும் காலை ஆறு மணிக்கு முதல் ஆளாக வந்து, வந்த கடிதங்களையெல்லாம் பிரிண்ட் எடுத்து அவரவர் மேஜையில் வைத்துவிடுவார். பதினான்கு வருடப் பழக்கம். அங்கே பாதிப் பேருக்கு மெயில் என்றாலே மேஜையில் கிடக்கும் தாள்தான்.

ஜனவரியில் ஒருநாள் விமலின் பொதுக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினாள். அவரிடம் சொல்ல மறந்துபோனாள். அவர் திரையில் பிழைச் செய்தி வந்தது. திரையில் எது வந்தாலும் ஓகே அழுத்துவது அண்ணாச்சியின் வழக்கம். அழுத்திவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் வரல" என்றார். அலுவலகமே நம்பியது. அதற்கான கடிதத்தை யாரும் பார்க்காததால் ஒரு கப்பல் இரண்டு நாள் வெளிக்கடலில் சும்மா நின்றது. மெமோ அண்ணாச்சிக்குத்தான். அவர் கையெழுத்துப் போட்டார். அவள் பெயரைச் சொல்லவில்லை.

மெமோ வந்த அன்று சாயங்காலம் விமலின் அவரிடம் போய், "இனிமே உங்ககிட்ட சொல்லாம உங்க மெயில்ல கை வைக்க மாட்டேன் அண்ணாச்சி" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

இந்த வெள்ளிக்கிழமையும் வெளிக்கடலில் ஒரு கப்பல் நின்றது. அதில் ஒரு மாலுமிக்குக் கையில் அடிபட்டுச் சீழ் பிடித்திருந்தது. அவரைக் கரைக்கு இறக்கச் சுகாதார அதிகாரியின் அனுமதிக் கடிதம் வேண்டும். அது விடிவதற்குள் பொதுக் கணக்குக்கு வந்துவிடும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கப்பலுக்குப் போகும் லாஞ்சில், அந்தச் சிறு மோட்டார் படகில், அது தாளாகப் போக வேண்டும். ஒன்பது மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். அடுத்த துறைமுகத்துக்குப் பதினொரு நாள்.

மூன்று மணிக்கு விமலின் கிளை மேலாளர் தல்மெய்தா சாரிடம் போனாள்.

"சார், பொதுக் கணக்குக்கு மட்டும் திங்கள் வரைக்கும் விலக்கு வேணும். ஒரு வரி மெயில் போட்டீங்கன்னா போதும்."

"எழுத்தெல்லாம் எதுக்கும்மா? நான் சொல்றேன்லா, விட்டுரு."

"சென்னையில கேட்டா சார்?"

"கேக்கும்போது பாத்துக்கலாம்."

மணப்பாட்டில் ஒரு கல்யாணத்துக்கு அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். காரில் ஏறும்போது, "எம்பேரு இதுல வரக் கூடாது, என்ன?" என்றார்.

நாலரைக்கு அண்ணாச்சி பையும் கையுமாக அவள் மேஜைப் பக்கம் வந்தார்.

"என்ன தாயி, மூஞ்சி மூணு நாள் கருவாடு மாதிரி கெடக்கு?"

"தூக்கம் இல்ல அண்ணாச்சி."

"என்னை மாதிரி ஓகேன்னு அழுத்திட்டுப் போயிரணும். நீ ஒவ்வொண்ணையும் வாசிச்சுக்கிட்டு இருக்கே." அவரே சிரித்துக்கொண்டார். "அந்த மாலுமி கடுதாசி காலையில வந்துரும்லா? நான் பாத்து லாஞ்சுல ஏத்திருதேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் புன்னைக்காயல் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். பஸ் ஏறியதும் போனை அணைத்துவிடுவார். மறுநாள் அலுவலகத்துக்கு வந்துதான் அதற்கு உயிர் கொடுப்பார்.

ஐந்தாகப் பத்து நிமிடம். திரையில் நாற்பத்துமூன்று பெயர்கள். விமலினுக்குக் கண் எரிந்தது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் வேலை போகும். எல்லாவற்றையும் மூடினால் வாக்குப் போகும். காலையில் அண்ணாச்சி ஓகே அழுத்துவார், லாஞ்ச் வெறுங்கையோடு போகும். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் அவரிடம் சொன்னால் உத்தரவை மீறியதாகும்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்த மாலுமி கரைக்கு வரவும் வேண்டும், அவள் வேலையும் நிலைக்க வேண்டும் என்றால் விமலின் செய்ய வேண்டியது என்ன? அவள் கொடுத்த வாக்கை என்ன செய்வது?

விடை: ஐந்து மணிக்கு அவள் நாற்பத்துமூன்றையும் மூடினாள். வழிதான் மூடியது, கடிதம் சர்வரில் இருக்கும். அதை எடுத்துத் தாளாக்க ஓர் ஆள் போதும். காலை ஐந்தரைக்கே வந்து பிரவுசரில் திறந்து, அனுமதிக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அண்ணாச்சி மெஷினைத் தொடுவதற்கு முன்னால், "நேத்தே மூடிட்டேன் அண்ணாச்சி. உங்ககிட்ட சொல்லல" என்றாள். வாக்கைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. ஆனால் கடிதம் எதுவும் தவறிவிடக் கூடாது என்றுதான் அந்த வாக்கே கொடுக்கப்பட்டது, அது தவறவில்லை. உடைத்ததையும் ஒளிக்காமல் அவளே சொன்னாள். அதனால் அவள் செய்தது சரி. அண்ணாச்சி தாளை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வா, லாஞ்சுக்கு நேரமாச்சு" என்று முன்னால் நடந்தவர், படியில் இறங்கும்போது திரும்பாமலே கேட்டார்: "அப்ப திங்கக்கிழமையிலேர்ந்து எனக்கு என்ன வேலை தாயி?"